மூன்றரை அடி அகலம்

“மூணே மூணு படி! அதை ஏற மாட்டாராமா?”

மேலாளர் கைப்பேசியை மேசைமேல் போட்டார். தொழிற்சாலையின் ஆண்டு விழாவுக்கு அவர் அழைத்திருந்த சிறப்பு விருந்தினர், செயற்கைக் காலுடன் ஓடிப் பதக்கங்கள் வென்ற வீரர். இப்போது மன உறுதி பற்றியும் தலைமைப் பண்பு பற்றியும் ஊர் ஊராகப் பேசுகிறவர். நேற்றுவரை காரைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை கேட்காத மனிதர், நிகழ்ச்சி நிரலைப் படித்துவிட்டு, மேடைக்குச் சாய்வுப் பாதை போட்டால்தான் வருவேன் என்று காலையில் நிபந்தனை விதித்துவிட்டார்.

தச்சர் அளவுச் சீட்டைப் பார்த்துச் சிரித்தார்.

“கால் வைக்க மூணரை அடி அகலமா, சார்? ரெண்டு பக்கமும் கைப்பிடி வேற! இவர் நடந்து வர்றாரா, தேர்ல வர்றாரா?”

“ஆணியை அடிச்சுத் தொலைப்பா! முதலாளி வர்ற நேரம்.”

விழா அரை மணி தாமதமாயிற்று. முதலாளி இருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாம் முறை பார்ப்பதற்குள் விருந்தினர் வந்தார்.

வந்தவர் புதுப் பாதையின் பக்கம் திரும்பவே இல்லை. மூன்று படிகளையும் விறுவிறுவென ஏறி மேடையில் நின்றார்.

மேலாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேடையோரம் போய்க் கீழே நின்றபடி, பல்லைக் கடித்துக்கொண்டு, “சார், காலையிலேர்ந்து என்னை நாயா அலைய வெச்சிட்டு, ஜம்முனு படியேறி வந்துட்டீங்களே! பின்ன பாதை எதுக்கு?” என்றார்.

“நீங்க அனுப்பின நிரல்ல ஏழாவது வரியைப் படிங்க.”

மேலாளர் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார். அவர் கைப்பட எழுதியதுதான்.

‘சிறந்த ஊழியர் விருது: தொலைபேசிப் பிரிவு. சக்கர நாற்காலியில் இருப்பவர். விருதைக் கீழேயே வழங்கவும்.’

“இதை என்கிட்டயே சொல்லியிருக்கலாமே, சார்?”

“அவங்களுக்குன்னு கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?”

“அது... கீழேயே...” மேலாளரின் பார்வை மறுபடி தாளுக்குப் போனது.

“விருந்தாளிக்குன்னதும் தச்சர் வந்துட்டாரு, பாருங்க.” ஒலிவாங்கியின் பக்கம் திரும்பினார் விருந்தினர். “என் பேச்சு கடைசியில இருக்கட்டும். முதல்ல அந்த ஏழாவது வரி!”

பதினொரு ஆண்டுகளாக எல்லா விழாக்களையும் கீழேயிருந்தே பார்த்து வந்த தொலைபேசி அக்கா, சக்கரங்களைத் தாமே உருட்டிக்கொண்டு பாதையில் ஏறினார். விருதை மடியில் வைத்துக்கொண்டு அரங்கைச் சுற்றிப் பார்த்தார்.

“இத்தனை வருஷமா எல்லாரும் என்னைக் குனிஞ்சே பார்த்தீங்க. மேல வந்தப்புறம்தான் தெரியுது, நம்ம மேலாளர் சாருக்கு உச்சியில முடியே இல்லை!”

அரங்கமே சிரித்தது. ஏழாம் வரியைப் பார்த்தபடி நின்ற மேலாளர் மட்டும் தலையை நிமிர்த்தவே இல்லை.