சட்டை நுனி

"வஸ்ஃபி ஷுராப்தானே பேசறது?"

போனில் அவ்வளவுதான் வஸ்ஃபியின் காதில் விழுந்தது. முகத்தில் பாதிச் சோப்பு நுரை. கையில் ரேசர். போன் திரையில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை.

காஸாவில் இப்படியொரு அழைப்பு வந்து ஒருவன் முழுப் பெயரையும் கேட்டால், மிச்சத்தைக் கேட்க யாரும் நிற்பதில்லை. பேசுகிற இஸ்ரேல் ராணுவக்காரன் மரியாதையாகத்தான் பேசுவான். கட்டடத்தைக் காலி பண்ணுங்கள் என்பான். பின்னாலேயே குண்டு வரும். போன வாரம் பின்தெருவில் அப்படித்தான் ஒரு கட்டடம் தரைமட்டமானது.

வஸ்ஃபி போனைக் கட் செய்துவிட்டு மாடிப்படியைப் பார்த்துக் கத்தினான்.

"போன் வந்துடுச்சு! எல்லாரும் இறங்குங்க!"

அந்தத் தெருவில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூட அதற்கு அர்த்தம் தெரியும்.

அவன் வீட்டில் இதற்கு ஒத்திகையே நடந்திருக்கிறது. மனைவி நூர்ஹான் பாதி நாள் ரொட்டி வரிசையில்தான் நிற்கிறாள், அதனால் அவளை நம்பாமல் போட்ட திட்டம். அன்றும் அவள் அந்த வரிசையில்தான். இரட்டையர்கள் ஜாதும் கரமும் அப்பாவின் இரண்டு கையில். பெரியவள் ரஹஃப் அப்பாவுடைய சட்டையின் பின்நுனியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். என்ன ஆனாலும் விடக்கூடாது.

"விடமாட்டேன்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறாள், எட்டு வயது ரஹஃப்.

வஸ்ஃபி இரண்டு பையன்களையும் வாரிக்கொண்டு, "ரஹஃப், வா!" என்று கத்தியபடி நாலு மாடியும் ஒரே மூச்சில் இறங்கினான்.

தெருவுக்கு அந்தப்புறம், சுவரோரமாக, கட்டடமே வந்து நின்றது. ஒருத்தி குழம்புக் கரண்டியோடு வந்திருந்தாள். தரைத்தள அபூ ஸக்கி, பத்திரப் பையைத் தூக்குவதாக நினைத்துக்கொண்டு ஒரு தர்ப்பூசணியைத் தூக்கி வந்திருந்தார்.

அவருக்குத் தன்மேலேயே எரிச்சல். அதை வேறு பக்கம் திருப்பினார்.

"அவனுங்க 'சொல்லிட்டுத்தானே அடிச்சோம்'பானுங்க. நம்ம தலைவருங்க டிவியில வந்து 'பொறுமையா இருங்க'ம்பானுங்க. நடுவுல படி இறங்குறதுக்குன்னே பொறந்தவங்க நாம!"

எல்லோரும் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வஸ்ஃபி பையன்களை இறக்கிவிட்டான். "ரஹஃப், இவனுங்களப் பாத்துக்கோ" என்று திரும்பினான்.

பின்னால் யாரும் இல்லை.

கையை முதுகுப்பக்கம் கொண்டுபோனான். வியர்த்த வெறும் முதுகு கையில் பட்டது.

ஐயோ என்று ஒரு சத்தம் போட்டானே, அது அவன் குரலாகவே இல்லை. கட்டடத்தை நோக்கி ஓடினான். அபூ ஸக்கி தர்ப்பூசணியைப் போட்டுவிட்டு அவனை இடுப்போடு கட்டிப் பிடித்தார். இன்னும் இரண்டு பேர் வந்து பிடித்தார்கள். இந்தப் பையன்களை யார் பார்ப்பது என்று எவரோ காதில் கத்தினார்.

அப்போது அவன் பாக்கெட்டில் போன் அடித்தது. பெயர் இல்லை, எண் இல்லை.

"ஐயா, என் பொண்ணு மேல இருக்கா. சின்னப் பொண்ணு. அஞ்சு நிமிஷம் குடுங்க ஐயா. உங்க கால்ல விழறேன்."

யாரை வாழ்நாளெல்லாம் சபித்தானோ அவனை ஐயா என்று கூப்பிட்டான். தெருவே கேட்டுக்கொண்டு நின்றது. ஒருவரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பக்கம் குரல் தடுமாறியது.

"டேய்... நான் ஹிக்மத்டா. காலேஜ் ஹிக்மத். ஸ்வீடன்லேர்ந்து இன்டர்நெட்ல பேசறேன். நீங்கல்லாம் உசிரோட இருக்கீங்களான்னு கேக்கத்தான்டா கூப்பிட்டேன்."

வஸ்ஃபி நடுத்தெருவில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

விஷயம் தெரிந்ததும் சிரிப்பு வெடித்தது பாருங்கள், அதுவும் ஒரு குண்டுதான். கரண்டிக்காரி ஹிக்மத்தின் ஏழு தலைமுறையையும் போனுக்குக் கேட்கும்படி வைது தீர்த்தாள், வைதுகொண்டே அழுதாள். முகம் கொடுத்துப் பேசாதவர்கள் எல்லாம் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். கட்டடம் நின்றது. ஐந்து மாடியும், கொடியில் காய்ந்த துணியும், எல்லாம் அப்படியே நின்றன. கடவுளே, அதைவிட அழகான ஒன்றை அவர்கள் அன்றுவரை பார்த்ததில்லை.

"விரிஞ்சு போச்சு, இனி வெட்ட வேண்டியதுதான்" என்று அபூ ஸக்கி தர்ப்பூசணிக்குக் கத்தி கேட்டார்.

வஸ்ஃபி அதற்குள் படியேறிக்கொண்டிருந்தான்.

வீட்டுக் கதவு திறந்தபடியே கிடந்தது. உள்ளே சத்தமே இல்லை. "ரஹஃப்!" என்றான்.

"இங்கதான்ப்பா இருக்கேன்."

குரல் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. கதவை இழுத்துப் பார்த்தான்.

சவரம் செய்வதற்காகக் கழற்றி ஆணியில் மாட்டிய அவனுடைய நீலச் சட்டை அங்கே தொங்கியது. ரஹஃப் செருப்பு மாட்டிக்கொண்டு, அதன் பின்நுனியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"நான் விடவே இல்லப்பா" என்றாள்.

அன்று தெருவே தர்ப்பூசணி தின்றது. கரண்ட் இல்லாத அந்தக் கோடையில் ஆண்கள் எல்லோரும் வெற்றுடம்போடு காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். வஸ்ஃபி மட்டும் ஒருபக்கம் சோப்பு காய்ந்த முகத்தோடு, கழுத்துவரை பொத்தான் போட்டு உட்கார்ந்திருந்தான்.

புழுங்கவில்லையா என்று அபூ ஸக்கி கேட்டார்.

அவன் ஒரு துண்டை எடுத்து, திரும்பாமலே பின்பக்கம் நீட்டினான். முதுகுப்பக்கம் சட்டை கொஞ்சம் இழுபட்டபடி இருந்தது.