முதல் மெம்பர்

நோயாளிகளிடம் பரிவோடு நடந்துகொள்ளும் மாணவர்களைக் கௌரவிக்கும் சங்கம் அது. தங்கள் டெக்சஸ் மருத்துவக் கல்லூரியிலும் அதற்கு ஒரு கிளை வேண்டுமென்று மாணவி ரக்ஷா விண்ணப்பம் கொண்டுவந்தபோது டீன் சத்தியசீலனுக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

“முதல் மெம்பர் யாரும்மா?”

“ஜெஃப்ரின், சார்.”

அவர் முகம் சுருங்கியது. “ஏற்கெனவே ஒரு தடவை ஃபெயில். ஃபைனல் எக்ஸாமுக்கும் வரலை. காரணம் கேட்டா வாயே திறக்கலை. அவனை டிஸ்மிஸ் பண்ணினதே நான்தான்.”

“அன்னிக்கு ஐ.சி.யூ.ல ஒரு பேஷன்ட் பயந்துபோய் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டார், சார். அவர் உயிர் போற வரைக்கும் அவன் எழுந்திருக்கவே இல்லை.”

“அவருக்குக் குடும்பம்னு யாரும் இல்லையா?”

“ஒரே பொண்ணு. அப்பா தேறிடுவார்னு நம்பி எக்ஸாம் எழுதப் போயிட்டா. வெளியில தெரிஞ்சா எல்லாரும் அவளைத் தப்பாப் பேசுவாங்கன்னுதான் ஜெஃப்ரின் சொல்லலை. இப்ப இர்விங்ல ஒரு வேர்ஹவுஸ்ல பெட்டி தூக்கறான்.”

“அந்தப் பொண்ணாவது வந்து சொல்லியிருக்கலாமே! என்ன மனுஷி அவ?” சத்தியசீலனுக்குக் கோபம் பொங்கியது.

ரக்ஷா தலை நிமிரவில்லை.

“தைரியம் வர ஒரு வருஷம் ஆயிடுச்சு, சார். அந்த எக்ஸாம்ல நான்தான் ஃபர்ஸ்ட்.”