கருவி சூட்டிய பெயர்

பாம்பகத்தில், பாம்பைப் படம்பிடித்து இனம் சொல்லும் கருவி சூட்டிய பெயரை எவரும் மறுப்பதில்லை. அப்படியோர் ஆணை எங்கும் எழுதப்பட்டதுமில்லை.

கூண்டைத் துடைத்த நெடுஞ்செழியனைப் பாம்பு கடித்தபோது கருவி, "வெள்ளிக்கோல் வரையன், நஞ்சற்றது" என்றது. உடன் பணிபுரிந்த அவன் மனைவி அல்லி, அந்தப் பாம்பின் முதுகு நெடுகப் பெரிய அறுகோணச் செதில்களைக் கண்டாள். அவை கட்டுவிரியனுக்கே உரியவை. அவள் வாய் திறக்கவில்லை.

"ஏன்டி மூஞ்சி இப்படிப் போகுது? மெஷினே சொல்லிருச்சு. போய் டீ போடு" என்று அவன் சிரித்தான்.

மாலையில் அவன் இமைகள் தாமாகச் சரிந்தன. மருத்துவமனையிலும் கருவி சொன்ன பெயரையே நம்பி, விஷமுறிவு மருந்தைத் தர மறுத்தார்கள். அவன் பிழைக்கவில்லை. கடித்தது நஞ்சற்ற பாம்பு என்பதால், மாரடைப்பு என்றே எழுதிக் கொடுத்தார்கள்.

காரியம் முடிந்து அவள் பணிக்குத் திரும்பிய அன்று, பள்ளிப் பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பதற்காக மேலாளர் அதே கூண்டைத் திறக்கப் போனார். அல்லி குறுக்கே நின்றாள்.

"யாரும் தொடாதீங்க. இது கட்டுவிரியன். மெஷின் சொன்னது தப்பு, சார். எனக்கு அன்னிக்கே தெரியும்."