யார் படிக்கிறார்கள்?

"கூட இருந்தே குழி பறிச்சிட்டான்" என்றார் லக்தர், காபிக் கோப்பையைக் கீழே வைக்காமலே.

பிஸ்க்ரா பக்கத்து வேளாண் கல்லூரி ஒன்றின் ஆய்விதழுக்கு அவர்தான் தலைமை ஆசிரியர். இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். அப்படிப்பட்ட இதழ்களைத் தரம் பார்த்துச் சேர்க்கும் சர்வதேசப் பட்டியல் ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். அதில் ஏறிவிட்டால், இதழில் எழுதிய எல்லாருக்கும் பதவி உயர்வு சுலபம்.

நேற்றுப் பதில் வந்தது. சேர்க்க முடியாதாம்.

இதழின் ஆசிரியர் குழுவில் இருக்கும் எல்லாருக்கும் பட்டியல்காரர்கள் முன்பே ஒரே கேள்வியை அனுப்பியிருக்கிறார்கள். வருகிற கட்டுரைகளைத் துறை தெரிந்த இரண்டு பேர் படித்துப் பார்த்த பிறகுதான் வெளியிடுகிறீர்களா?

மற்றவர்கள் ஆமாம் என்று எழுத, பேராசிரியர் ஃபுதில் மட்டும் இல்லை என்று எழுதிவிட்டார்.

"அவரோட கட்டுரையும் நம்ம இதழ்லதானே வந்துச்சு?" என்றாள் விரிவுரையாளர் வஹிபா. அவளுடைய பதவி உயர்வும் இதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"நான்தான் வெளியிட்டுக் கொடுத்தேன். நன்றி கெட்டவன்."

வஹிபா நேராக ஃபுதில் அறைக்குப் போனாள்.

"உஸ்தாத், உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா இது அநியாயம்."

"உட்காரு, வஹிபா."

"உட்கார வரல. எங்க வயித்துல அடிச்சதுமில்லாம, உங்க தலையிலயும் நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டீங்க. ஆமாம்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?"

ஃபுதில் கேட்டார்.

"என் கட்டுரையைப் படிச்சியா?"

அவள் தயங்கினாள். "தலைப்பு பார்த்தேன். பேரீச்சை மரத்துக்கு வெண்காரத்தை உரமாப் போடறது பத்தி."

"லக்தரும் அவ்வளவுதான் பார்த்தார். அனுப்பின ஒரு மணி நேரத்துல, ஏத்துக்கிட்டோம்னு பதில் வந்துடுச்சு. குழுவுல இருக்கிறவனாச்சே. எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் என்ன?"

"மரத்துக்கு ஐம்பது கிராம்னு இருக்கணும். ஐந்நூறுன்னு அடிச்சுட்டேன். அவ்வளவு போட்டா மரம் கருகிடும். யாராவது ஒருத்தர் படிச்சிருந்தா அங்கேயே பிடிச்சிருப்பாங்க."

"தெரிஞ்சதும் திருத்தச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். தரம் பார்க்கிற சமயத்துல திருத்தம் கிருத்தம்னு போட்டா மானம் போயிடும், பட்டியல்ல ஏறட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்னார் லக்தர்."

வஹிபா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். குரல் தணிந்திருந்தது.

"ஒரு சைபர்தானே, உஸ்தாத். நம்ம இதழை யாரு படிக்கிறாங்க?"

"நானும் அப்படித்தான் நினைச்சு விட்டுட்டேன்."

ஃபுதில் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"என் மச்சினன் ஸாதி இருக்கானே, தோல்காவுல பேரீச்சந்தோட்டம் வச்சிருக்கிறவன். காசில்லாம கிடைக்குது, அதுவும் நம்ம மச்சான் எழுதினதுன்னு ஒரு வரி விடாம படிச்சிருக்கான். அளவு கொஞ்சமும் பிசகாம எல்லா மரத்துக்கும் போட்டுட்டான்."