அப்டேட் சிடி

"நேத்தே சொல்லிட்டேன் ஷிபா, லீவு கிடையாது. பூஜை லீவு முடியறதுக்குள்ள நம்ம பழைய சாஃப்ட்வேர் புது விண்டோஸுல ஓடணும்," என்றார் ஆடிட்டர் வெங்கடகிருஷ்ணன். வலியசாலையில் அவர் வீட்டு முன்னறைதான் ஆபீஸ்.

"நாளைக்கு என் தங்கச்சிக்கு நிச்சயம், சாரே. பொன்முடிக்கு இனி ஒரு பஸ்தான் இருக்கு."

"அதெல்லாம் தெரியாது. அப்டேட் சிடியை எடு."

சிடி மேஜையில் இல்லை. அலமாரியிலும் இல்லை. தேடிக் களைத்து உள்ளே போனவர் திகைத்து நின்றார். சரஸ்வதி படத்துக்கு முன்னால், புத்தக அடுக்கின் மேல், சந்தனப் பொட்டோடு சிடி மின்னியது. கையை நீட்டினார்.

"தொடப்படாது," என்றாள் மனைவி சூடாமணி. "பூஜை வெச்சாச்சு. இனிமே விஜயதசமி கார்த்தாலதான் எடுக்கணும்."

ஷிபா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டாள். "சிடி இல்லாம ஒண்ணும் நடக்காதே, சாரே."

"சரி, ஊருக்குப் போய்த் தொலை."

அவள் தெருமுனை திரும்பியதும் மனைவி மேல் பாய்ந்தார். "புஸ்தகம் வைப்பா. சிடியை வைக்கச் சொல்லி உனக்கு யாருடி சொன்னா?"

"ஷிபாதான். 'இப்பல்லாம் சரஸ்வதி இதுக்குள்ளதான் இருக்கா மாமி'ன்னு மத்தியானம் பொட்டும் அவளே வெச்சுக் குடுத்தா. சர்ச்சுக்குப் போற பொண்ணு, என்ன பக்தி பாருங்கோ."