டெல்மரின் கோட்டு

"டெல்மர் கோட்டு ஏறியாச்சு. அடுத்தது என்னய்யா, அவரு நாற்காலியா?"

பக்கத்துப் பண்ணைக்காரன் ஓர்வில், பிக்கப் வண்டியை வேலியோரம் நிறுத்திக் கேட்டுவிட்டு, தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டு போய்விட்டான். ராய்ஸ் பழுப்புக் கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு தொழுவத்துக்கு நடந்தான்.

மாடுகள் கன்று போடும் பருவத்துக்கென்று மார்ச்சில் கூலிக்கு வந்தவன் அவன். பண்ணைக்காரி நோரீனின் கணவன் டெல்மர் இறந்து இரண்டு வருஷம். வந்த அன்றே டெல்மரின் கயிறு, டெல்மரின் சேணம், டெல்மரின் ரப்பர் பூட்ஸ் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். பூட்ஸில் அவனுக்குப் பாதிக் கால்கூட நுழையவில்லை.

மறு வாரம் ஒரு ஜோடிப் புதுக் கையுறையை மேஜைமேல் வைத்தாள். "சம்பளத்துக்கு வந்தவன் மேடம், இனாமெல்லாம் வேண்டாம்" என்று ராய்ஸ் அதைத் தொடாமலே எழுந்து போனான். அவன் வளர்ந்த விதம் அப்படி.

அப்புறம் பனி கொட்டிய ஒரு காலையில் ஆணியிலிருந்து இந்தக் கோட்டை எடுத்து நீட்டினாள். "சும்மாதான் தொங்குது, போட்டுக்குங்க." தோளில் கச்சிதமாக உட்கார்ந்தது.

ரோடியோ போட்டியில் முரட்டுக் குதிரை தூக்கி எறிந்து இடுப்பெலும்பு நொறுங்கியதிலிருந்து, இனி தன்னால் ஒன்றும் ஆகாது என்றே ராய்ஸ் முடிவு கட்டியிருந்தான். இங்கே வந்த புதிதில் குதிரை ஏற அவன் படும் பாட்டை நோரீன் பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் தொழுவத்து வாசலில், ஏறி நிற்கத் தோதாக ஒரு மரக்கட்டை கிடந்தது. அன்றைக்கே ஆள் அவளிடம் மனசைப் பறிகொடுத்துவிட்டான்.

இப்போது அந்தக் கட்டை தேவைப்படவில்லை. பருவமும் முடிந்துவிட்டது. இருக்கவும் காரணமில்லை, கிளம்பவும் மனசில்லை.

உள்ளே நோரீன் சிவப்புப் பசுவைக் கட்டிவைத்துக் காத்திருந்தாள். அதன் கன்று பிறந்த அன்றே செத்துப்போனது. செத்த கன்றின் தோலை உரித்து, கால் நுழைய ஓட்டை போட்டு, தாயில்லாத ஒரு கன்றுக்குச் சட்டை மாதிரி கட்டிவிட்டிருந்தார்கள். வாசனையை நம்பிப் பசு பால் கொடுத்துவிடும். இன்றைக்கு நாலாம் நாள்.

"நாத்தம் தாங்கல. அறுத்துடலாமா?" என்றாள் நோரீன்.

"ஏத்துக்கலேன்னா உதைச்சே கொன்னுடும் மேடம்."

"மேடமாம் மேடம்! நான் கன்னைப் பிடிக்கிறேன், நீங்க கயித்த அறுங்க."

ராய்ஸ் கத்தியால் கயிற்றை அறுத்தான். அழுகிய தோல் கீழே விழுந்தது. பசு தலையைத் திருப்பிக் கன்றை மோந்தது, மூச்சைச் சீறி விட்டது, மறுபடி மோந்தது. கன்று நான்கு காலும் நடுங்க அப்படியே நின்றது.

நாலு நாளாக அது குடித்ததெல்லாம் இன்னொருவன் பேரில் கிடைத்த பால். எனக்கு மட்டும் என்ன வாழ்கிறதாம் என்று ராய்ஸ் நினைத்தான். காலையில் கேட்காமலே வரும் காப்பி, பேச்சு நடுவில் இந்தத் தோளில் வந்து நிற்கும் அவள் பார்வை, எல்லாம் டெல்மருடையது. இந்தக் கோட்டைக் கழற்றினால் அவள் என்னை ஏறெடுத்தும் பார்ப்பாளா?

பசு மெல்லக் கன்றின் முதுகை நக்க ஆரம்பித்தது.

"அப்பாடா!" நோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே அவன் தோளில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டாள். கை ஒரு நிமிஷம் அங்கேயே இருந்தது.

அதற்குமேல் அவனால் முடியவில்லை. "சாயங்காலம் கிளம்பறேன் மேடம். ஐடஹோவுல ஒரு பண்ணையில கூப்பிட்டிருக்காங்க."

கை சட்டென்று விலகியது. "இங்க என்ன குறை?"

"குறையெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்புறம் என்ன?"

உயிரோடு இருப்பவன் என்றால் நேருக்கு நேர் மல்லுக்கு நிற்கலாம். மண்ணுக்குள் போனவனிடம் எப்படிப் போய் நிற்பது? அவன் பித்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினான். கோட்டை மடித்து நீட்டினான்.

"பத்திரமா வச்சுக்குங்க. டெல்மரோடது. இதைப் போட்டுக்கிட்டு இனிமே உங்க முன்னால என்னால நிக்க முடியாது. நீங்க பாக்கறது இதத்தான், என்னையில்ல. எனக்குத் தாங்கல, நோரீன்."

முதல் தடவையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் கோட்டை வாங்கவில்லை. முகம் காது வரைக்கும் சிவந்துபோனது.

"டெல்மரோடதா? அவரு கோட்ட அவருக்கே போட்டுல்ல அடக்கம் பண்ணினேன்!"

"அப்ப இது?"

"புதுசுன்னா நீதான் தொடமாட்டியே! உனக்குன்னு வாங்கி, பழசாத் தெரியட்டும்னு நானே இந்தத் தொழுவத்து மண்ணுல போட்டு மிதிச்சேன்யா."