ஷகிலாவின் டான்சில்

2019 மார்ச் 12 அன்று பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆய்வகத்தில், பேருந்து நடத்துநர் ஞானதுரையின் கழுத்துக் கட்டியிலிருந்து எடுத்த திசு சோதிக்கப்பட்டது. நிணநீர்ப் புற்றுநோய் என்று ஏற்கெனவே தெரியும். கண்ணாடித் தகட்டில் சாயமிட்ட திசு பழுப்பாக மாறினால், புதிய ஊசி மருந்துக்குக் கட்டுப்படும் வகை. மாறவில்லை.

அங்கே ஒவ்வொரு தகட்டிலும் நோயாளியின் திசுவுக்குப் பக்கத்தில் நோயில்லாத டான்சில் துணுக்கு ஒன்றை வைப்பார்கள். சாயம் சரியாக இருந்தால் அது பழுப்பாகியே தீர வேண்டும். இரண்டு வருடமாக, மெழுகில் பதித்து மெல்லிசாகச் சீவி வைக்கப்படுவது டெக்னீஷியன் ஷகிலாவின் டான்சில். அறுவை முடிந்ததும் அவரே டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தது.

டாக்டர் கோமதி அறிக்கை எழுதப் பேனாவைத் திறந்தார். அதே நுண்ணோக்கியின் இன்னொரு லென்ஸில் பார்த்த ஷகிலா தடுத்தார்.

"எழுதிராதீங்க மேடம். என்னோடதும் வெளுத்துல்லா கெடக்கு."

"உன்ன விட்டுப் போன பெறகும் தொந்தரவு குடுக்குதா?"

"அது தங்கமானது மேடம். நேத்து தொறந்த சாய பாட்டில்தான் சரியில்ல."

வேறு பாட்டிலைத் திறந்து மறுபடியும் சோதித்தார்கள். மாலை நான்கு மணிக்கு இரண்டு துணுக்குகளும் பழுப்பாயின. மார்ச் 18, திங்கட்கிழமை, ஞானதுரைக்கு முதல் ஊசி போடப்பட்டது.